செஞ்சியில் உப்பை விட்டவர்

நான் பயந்த சுபாவக்காரி. கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து பேரங்காடிக்குப் போவதென்றாலும் பையில் குடை, மாத்திரை, பிஸ்கட், மின்சாரம் போய்விட்டால் அடிக்க ஒரு சின்ன டார்ச் என்று எல்லாம் இருக்கும். அப்படிப்பட்டவள், அண்ணன் மகள் கல்யாணத்துக்காக விமானம் ஏறிச் சென்னைக்கு வந்த இடத்தில், முகம்கூடப் பார்த்திராத ஒரு மனிதரைச் சாப்பிட வைப்பதற்காகத் தனியாகச் செஞ்சிக்குப் பஸ் ஏறினேன் என்றால் அதற்கு ஒரு புத்தகம்தான் காரணம்.

அமெரிக்கர் ஒருவர் எழுதிய வரலாற்றுப் புத்தகம் அது. ஆராய்ச்சியாளர்களுக்காக அல்லாமல் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதியது. மாட்டு வண்டிகளுக்குக் கூடாரத் துணி கட்டி, பிள்ளைகுட்டிகளோடு மேற்கே நிலம் தேடிப் போன குடும்பங்களை வழியில் ஒரு புல்வெளியில் வளைத்துக் கொன்ற கதை. கொன்றவர்கள் கொள்ளைக்காரர்கள் அல்ல. பக்கத்து ஊர்க் குடியானவர்கள், காலையும் மாலையும் ஜெபம் செய்கிறவர்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நான், பொழுது போகாமல் அதை மொழிபெயர்த்தேன். சென்னையில் ஒரு சிறிய பதிப்பகம் போடுவதாகச் சொன்னது.

அதற்கு முன்னால் விளம்பரமாக இருக்கட்டும் என்று சனிக்கிழமைதோறும் ஓர் அத்தியாயத்தை என் குரலிலேயே படித்துப் பதிவு செய்து அனுப்பினேன். அவர்கள் அதை வாட்ஸப்பில் விட்டார்கள். வண்டிக்காரர்கள் வளைக்கப்பட்டு, தண்ணீர் இல்லாமல் கிடந்து, கடைசியில் வெள்ளைக் கொடியோடு ஒருவன் அவர்களை நோக்கி நடந்து வருகிற இடம் வந்தது. "இங்கேயே நிறுத்திடுங்க டீச்சர். மிச்சம் புக்குல. அப்பத்தான் வாங்குவாங்க" என்றார் பதிப்பாளர். நிறுத்தினேன். புத்தகம்தான் வந்தபாடில்லை. அட்டைப்படம் சரியில்லை, அச்சகத்தில் ஆளில்லை என்று மாதங்கள் ஓடிவிட்டன.

கல்யாணம் முடிந்த மறுநாள் ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். பெயர் சுநந்தா. செஞ்சியில் அவளுடைய அப்பா தரணேந்திரன் வைத்திருக்கும் டிராக்டர் உதிரி பாகக் கடையை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பதிப்பாளரிடம் என் எண்ணை வாங்கியிருக்கிறாள்.

"டீச்சர், எங்க நைனா உங்க புஸ்தகத்துக்காக உப்பு வுட்டுட்டாரு" என்றாள்.

நைனா என்றால் அப்பா என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு நிதானமாகச் சொன்னாள். அவர்கள் தமிழ்ச் சமணக் குடும்பம். ஒரு காரியம் முடியும்வரை இன்னதைத் தொடுவதில்லை என்று தனக்குத்தானே விதித்துக்கொள்வது அவர்களிடையே உண்டு, நியமம் என்று பெயர். சமய நூல் ஒன்றைப் படிக்க ஆரம்பித்து, முடிக்கும்வரை பாலை விடுவார்கள், நெய்யை விடுவார்கள். இந்த மனிதர் நான் படித்த கொலைக் கதைக்கு நியமம் எடுத்துக்கொண்டு, புத்தகம் முடியும்வரை உப்பில்லை என்று சாமி முன்னால் சொல்லிவிட்டார். நானோ பாதியில் நிறுத்திவிட்டேன்.

"மொதல்ல பிபிக்கு நல்லதுன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டோம். இப்ப தல சுத்துது, வாந்தி வருது. போன வாரம் கட வாசல்லயே வுழுந்துட்டாரு. பிபி மாத்திரையும் உப்பை வெளிய தள்ளுதாம். ஒடம்புல சுத்தமா உப்பு இல்லன்றாங்க டாக்டரு."

"அம்மா, கடைசி அத்தியாயம் என்கிட்ட தயாரா இருக்கு. இன்னிக்கே படிச்சு அனுப்பிடறேன்" என்றேன்.

"வேணாம் டீச்சர். நான் நெட்ல பாத்துட்டேன். அத்தினி பேரையும் கொன்னுடறாங்க. எங்க நைனா ராத்திரி லைட்டுல பூச்சி வுழுவுதுன்னு லைட்ட நிறுத்திட்டு இருட்டுல உக்காந்திருக்கற ஆளு. இருக்கற நெலமைல அதைக் கேட்டா தாங்க மாட்டாரு. நீங்க நேர்ல வந்து, வண்டிங்கள்லாம் நல்லபடியா போய்ச் சேந்துடுச்சின்னு படிச்சிடுங்க. உங்க குரல்னா நம்புவாரு."

பொய் முடிவை எழுதிப் பதிவு செய்தே அனுப்பலாமே என்று கேட்டேன். பதிவாக இருந்தால் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார், பிடித்துவிடுவார் என்றாள். ஒருமுறை அவள் அம்மா தெரியாமல் ரசத்தில் உப்புப் போட்டுவிட, அவர் கண்டுபிடித்து, மறுநாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். அதைக் கேட்ட பிறகு எனக்கு இரண்டு பயம். உண்மையைச் சொன்னால் அவருக்கு என்ன ஆகுமோ என்பது ஒன்று. பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் என்ன ஆகுமோ என்பது இன்னொன்று. அண்ணனிடம் சொல்லியிருந்தால் போகாதே என்றிருப்பார். அதனால் சொல்லாமல் கிளம்பினேன்.

சூரியன் விழுந்துவிட்டால் அந்த வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள், ஆகையால் சாயங்காலத்துக்குள் வந்துவிடுங்கள் என்று சுநந்தா சொல்லியிருந்தாள். நானும் நண்பகலிலேயே புறப்பட்டேன். திண்டிவனம் தாண்டியதும் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. டயர் போய்விட்டது.

எங்கள் ஊரில் பஸ் நின்றால் எல்லோரும் அதைப் படம் எடுத்துப் போட்டுவிட்டுக் கம்பெனியைத் திட்டுவார்கள். இங்கே ஆண்கள் அத்தனை பேரும் இறங்கி, ஜாக்கியை எங்கே வைக்க வேண்டும் என்று ஓட்டுநருக்குப் பாடம் நடத்தினார்கள். அவர் யார் பேச்சையும் கேட்காமல் ஒரு கல்லைத் தேடிக்கொண்டிருந்தார். நான் வாட்ச்சையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பச்சை மொச்சை மூட்டையோடு வந்த அனந்தபுரத்து அம்மா ஒருவர் என்னைக் கவனித்துவிட்டார். "இன்னாம்மா, இந்தப் பதறு பதற்ற? ஆஸ்பத்திரிக்கா?"

"அந்த மாதிரிதான்."

"யாருக்கு ஒடம்பு?"

"தெரியாதவருக்கு" என்றேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மூட்டைக்குள் கையை விட்டு மொச்சைக்காயை அள்ளி அள்ளி என் மடியில் போட்டு, உரிக்கச் சொன்னார். "கை வேல செஞ்சா மனசு அடங்கும். உரிச்சி எனக்கே குடுத்துடு" என்றார். ஊர் வந்து சேரும்வரை உரித்தேன், மனசு அடங்கவில்லை.

செஞ்சியில் இறங்கும்போது இருட்டிவிட்டது. ஸ்கூட்டரில் காத்திருந்த சுநந்தாவுக்கு முப்பது வயதிருக்கும், வேலை செய்த கையில் கிரீஸ் போகவில்லை. "நைனா உப்பில்லாத கஞ்சி குடிச்சிட்டுப் படுத்துட்டாரு. அடுப்ப அணைச்சிட்டோம், ஆனா விருந்தாளின்னா வேற, வாங்க, அம்மா எதுனா பண்றேன்னு சொல்லிச்சி" என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரில் லாட்ஜில் அறை போட்டு, வாழைப்பழமும் பன்னும் வாங்கிக்கொண்டு, கொசுவை அடித்தபடி உட்கார்ந்திருந்தேன். தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை அவர்கள் வீட்டுக்குப் போனபோது தரணேந்திரன் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரிய எலும்பு, அதன்மேல் சட்டை தொளதொளவென்று தொங்கியது. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"டீச்சரம்மா, சாப்டீங்களா?" என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. எங்கள் ஊரில் பசியாறினீர்களா என்று கேட்போம். "பசியாறிட்டேன் ஐயா" என்றேன்.

"போன்ல உங்க குரலு சின்னப் பொண்ணு குரலா இருக்குது. நேர்ல பாத்தா என் வயசு இருப்பீங்க போல" என்று சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் குமட்டல் வந்துவிட்டது. அவர் மனைவி ராஜமதி ஓடிவந்து முதுகைத் தடவிவிட்டார். எனக்கு வணக்கம் சொல்லக்கூட அந்த அம்மாவுக்கு நேரமில்லை.

ஆட்டோ பிடித்துப் பக்கத்து கிளினிக்குக்கு ஓடினோம். அங்கிருந்த டாக்டர் சின்னப் பெண், கண்டிப்பானவர். குமட்டலுக்கு ஊசி போட்டுவிட்டுப் பாட்டிலை எடுத்து மாட்டினார். "ஒண்ணும் பயப்படாதீங்க ஐயா. இது உப்புத்தண்ணி தான்" என்றார்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் இவர் கையை இழுத்துக்கொண்டார். "உப்பா? அப்ப வேணாம் டாக்டரம்மா."

"சாப்பாடு இல்லங்க, மருந்து."

"உப்பு தானே?"

டாக்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். இன்றைக்குள் உப்பு உடம்பில் ஏறியாக வேண்டும், இல்லாவிட்டால் வலிப்பு வரும், நினைவு தப்பும், அப்புறம் பாண்டிச்சேரிக்குத்தான் அனுப்ப வேண்டும், போகிற வழியில் என்ன ஆகுமென்று தன்னால் சொல்ல முடியாது என்றார். வெளியில் வந்து ராஜமதி அம்மா முதல்முறையாக என்னோடு பேசினார். "எப்படியாவது முடிச்சி வுட்ருங்கம்மா. என்னா முடிவா இருந்தாலும் பரவால்ல, நல்ல முடிவா இருக்கட்டும்."

பாட்டில் ஏற்றாமலே அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தோம், ஊசி மயக்கத்தில் மதியம்வரை தூங்குவார் என்றார்கள். லாட்ஜில் தனியாக உட்கார்ந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. சுநந்தா என்னைக் கோட்டை வாசலில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போனாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அவள் சட்டையை நான் பிடித்த பிடியில் ஒரு தையல் பிரிந்துவிட்டது.

கோட்டையைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை. மலை ஏறவில்லை. கோட்டைக்குள் அடிவாரத்திலிருக்கும் கல்யாண மஹால் நிழலில் உட்கார்ந்து, குரங்குகளுக்குப் பயந்து பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பொய் முடிவைப் போனில் தட்டச்சு செய்தேன். வெள்ளைக் கொடியோடு வந்தவர்கள் சொன்ன சொல் காத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். மலை தாண்டும்வரை துணைக்குப் போனார்கள். எழுத எழுத எனக்கே நிம்மதியாக இருந்தது. அவ்வளவு சுலபமாக நடந்திருக்கக் கூடியதுதானே என்று தோன்றியது. கடைசியில் வண்டியிலிருந்த குழந்தைகளைக் கடலில் கால் நனைக்கவும் வைத்துவிட்டேன்.

அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக் கூட்டம் வந்தது. கைதிகளின் கிணறு என்று சொல்லப்படும் பாறைக் குழியைப் பற்றி வழிகாட்டி கை வீசி விவரித்துக்கொண்டிருந்தார். "தண்டன வாங்கினவங்கள இதுக்குள்ள தள்ளி வுட்டுடுவாங்க. சோறும் கெடையாது, தண்ணியும் கெடையாது. கத்திக் கத்தியே சாவ வேண்டியது தான்."

"எத்தினி நாளு சார் உசுரோட இருப்பாங்க?" என்று ஒரு பிள்ளை ஆவலாகக் கேட்டது. அது கையில் சிப்ஸ் பாக்கெட். கேட்டுவிட்டு இன்னொன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. எனக்கும் பதிலைத் தெரிந்துகொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது.

பிற்பகலில் அவர் எழுந்து, குளித்து, கூடத்தில் மேற்கு ஜன்னலைப் பார்க்க உட்கார்ந்தார். ஜன்னலில் கோட்டை மலையான ராஜகிரி தெரிந்தது. சூரியன் அந்த மலைக்குப் பின்னால்தான் இறங்கும். சமையலறையில் சோறும் பருப்பும் தயாராக இருந்தன. மேடையில் தனியாக ஒரு கிண்ணத்தில் கல்லுப்பு. கதை முடிந்ததும் சோற்றில் போட்டு, சூரியன் விழுவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

போனைத் திறந்தேன். வெள்ளைக் கொடியோடு அவன் நடந்து வருகிற இடத்திலிருந்து ஆரம்பித்தேன். மஹாலில் எழுதிய முடிவை ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். முப்பது வருஷம் வகுப்பில் கதை சொன்னவள், எனக்கா தெரியாது. வண்டிகள் மலை தாண்டின. சுநந்தா மூச்சு விட்டாள். குழந்தைகள் கடலில் இறங்கினார்கள். ராஜமதி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினார்.

தரணேந்திரன் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நல்லா இருக்குது டீச்சரம்மா. இது நீங்க எழுதுனது. இப்ப புஸ்தகத்துல இருக்கறதப் படிங்க. பொழுது இன்னும் இருக்குது."

எனக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. சுநந்தா, "இன்னா நைனா சொல்ற? அது தான் புஸ்தகம்" என்றாள்.

"ஏம்மா அவங்களையும் பொய் சொல்ல வெச்சி, நீயும் சொல்ற?" அவர் குரலில் கோபமே இல்லை. "மொத வாரம் டீச்சரம்மா முன்னுரை படிச்சாங்க. சளி புடிச்ச குரலு. பெரியவங்க ஒருத்தரு கூட போய்ச் சேரலன்னு அதுலயே எழுதினவரு சொல்லிட்டாரு. நான் அத மூணு தபா கேட்டேன்."

உண்மைதான். முன்னுரையை முதல் வாரம் படித்ததையே நான் மறந்துபோயிருந்தேன். நானும் அந்தப் பெண்ணும் இத்தனை நாள் பயந்து மறைத்ததை அந்த மனிதர் முதல் நாளே தெரிந்து வைத்திருக்கிறார்.

"தெரிஞ்சே தான் உப்பை வுட்டியா?" சுநந்தாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "எதுக்கு நைனா? செத்தவங்களுக்காகவா?"

அவர் மகள் பக்கம் திரும்பவில்லை. எதையோ திருடி அகப்பட்டவர் மாதிரி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கெழம மதியானம் ஆச்சின்னா கடையில ஒக்காந்து போன வெச்சிப்பேன். உங்கம்மா தட்டுல காராசேவு வெக்கும். அந்த வண்டிக்காரங்களுக்குத் தண்ணி இல்ல, கொழந்தைங்களுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சின்னு டீச்சரம்மா படிக்கறாங்க. என் கை பாட்டுக்குத் தட்டுக்குப் போவுது, வாய்க்கு வருது. தட்டு காலியாயிடுச்சி. ராஜமதி, இன்னும் கொஞ்சம் வைன்னு கேட்டேன். கேட்டப்பறம் தான் எனக்கே காதுல வுழுந்துச்சி." மூச்சு வாங்கினார். "ருசியா இருந்துச்சிம்மா. சேவு இல்ல, கத. அடுத்தது எப்ப வரும், எப்ப சாவாங்கன்னு வாரம் பூரா காத்துக்கெடந்தேன். அதான் பயந்துட்டேன்."

நான் போனை மடியில் கவிழ்த்து வைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு வாரமும் கடைசி வரியில் குரலைத் தாழ்த்தி, கேட்கிறவர்களைத் தவிக்க விடத்தான் நான் படித்தேன். பலர் பாராட்டி எழுதியிருந்தார்கள். விறுவிறுப்பு என்ற சொல்லை எத்தனையோ பேர் போட்டிருந்தார்கள், எனக்கும் மனசு குளிர்ந்துதான் போயிருந்தது.

"படிங்க டீச்சரம்மா" என்றார்.

உண்மையான அத்தியாயத்தைத் திறந்தேன். அது நீளமானது. சூரியன் மலையின் தோளுக்கு வந்துவிட்டது. ராஜமதி அம்மா தட்டில் சோற்றைப் போட்டு, உப்புக் கிண்ணத்தோடு சமையலறை வாசலிலேயே நின்றார். நான் வேகமாகப் படித்தேன். வண்டிகளை விட்டு இறங்கச் சொன்னார்கள். துப்பாக்கிகளைக் கொடுத்துவிடச் சொன்னார்கள். பெண்களும் பிள்ளைகளும் முன்னால், ஆண்கள் பின்னால், ஒவ்வொரு ஆணுக்குப் பக்கத்திலும் காவலாக ஒருவன். இரண்டு பத்திகளை ஒரே மூச்சில் தாண்டினேன்.

"ஓடாதீங்க" என்றார்.

"ஐயா, பொழுது போயிடும். நீங்க சாப்பிடணும்."

"போனா போவட்டும். அவங்களப் போயி அவசரமா கொல்லாதீங்க."

மெதுவாகப் படித்தேன். ஒரு பெண் தன் பிள்ளையின் தலையைச் சேலை மாதிரி ஒரு துணியால் மூடுகிற இடத்தில் எனக்குக் குரல் போய்விட்டது. மொழிபெயர்த்தபோது ஒரு தரம், திருத்தியபோது ஒரு தரம், இருமுறையும் அழாதவள். சுநந்தா தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். மலைக்குப் பின்னால் வெளிச்சம் சிவந்து, பிறகு சாம்பலாகி, ராஜமதி அம்மா தட்டை மூடி உள்ளே வைத்துவிட்டு வந்து விளக்கைப் போட்டார். கடைசி வரியைப் படித்து முடித்தபோது வெளியே நன்றாக இருட்டியிருந்தது.

"முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சது."

அவர் கண்ணை மூடிக் கைகளைக் கூப்பினார். நியமம் தீர்ந்தது. ஆனால் பொழுது விழுந்துவிட்டது.

"ஒரு வாய் சாப்டுங்க. சாமி ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்று ராஜமதி அம்மா கெஞ்சினார். அவர் தலையை மட்டும் அசைத்தார். அந்த அசைவிலேயே தலை ஒரு பக்கம் சரிந்து, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். சுநந்தா ஓடிவந்து தாங்கினாள். அவள்தான் சட்டென்று கேட்டாள்: "நைனா, புஸ்தகம் முடிஞ்சிச்சில்ல? இனிமே உப்பு ஆவும்ல? அப்ப பாட்டிலு ஏத்திக்கலாம்ல? அது வாயால சாப்டறது இல்லயே."

அவர் யோசித்தார். அந்த நிலையிலும் யோசித்தார். என்னால் தாங்க முடியவில்லை. "ஐயா, தயவு செய்து சரின்னு சொல்லுங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"சரி" என்றார். "அது ஒண்ணும் ருசிக்காது."

கிளினிக்கில் அந்தச் சின்ன டாக்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஊசியைக் குத்திப் பாட்டிலைத் தொங்கவிட்டார். மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், காலையில் வாய்வழியாகச் சாப்பிட்டால்தான் உடம்பில் உப்பு நிற்கும் என்றார். சொட்டுச் சொட்டாக உப்பு இறங்கிக்கொண்டிருந்தது. சுநந்தாவை அங்கே விட்டுவிட்டு நான் லாட்ஜுக்கு வந்து பன் பாக்கெட்டைப் பிரித்தேன். சாப்பிடாமல் அப்படியே வைத்துவிட்டேன்.

விடிந்ததும் போனேன். அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது. சூரியன் எழும்பட்டும் என்று ராஜமதி அம்மா கேரியரோடு காத்துக்கொண்டிருந்தார். எதிர்ச் சுவரில் வெயில் விழுந்ததும் மூடியைத் திறந்தார். தொண்டூரில் அவர்கள் நிலத்தில் விளைந்த அரிசியில் காய்ச்சிய கஞ்சி. என் கண்ணெதிரே உப்பைப் போட்டுக் கரைத்து, கிண்ணத்தில் ஊற்றிக் கையில் கொடுத்தார்.

அவர் வாங்கிக்கொண்டார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கறேன். மறுநா காலையில, அந்தக் கொன்னவங்க, சாப்டாங்களா?"

அது அத்தியாயத்தில் இல்லை. நூலாசிரியர் கடைசியில் பொடி எழுத்தில் சேர்த்த குறிப்புகளில் இருக்கிறது. குறிப்புகளை நான் மொழிபெயர்க்கவில்லை. அதனால் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரியாது என்று சொல்லிவிடலாம். ஆமாம் என்றால் இந்தக் கிண்ணம் கீழே போய்விடுமோ என்று பயந்தேன். ராஜமதி அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், வேண்டாம் என்கிற மாதிரி. ஆனால் இந்த மனிதரிடம் இன்னொரு பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சாப்பிட்டாங்க ஐயா" என்றேன். "பக்கத்துல ஒரு பண்ணை வீட்ல பசியாறினாங்க. அந்த வீட்டம்மா ரொட்டி சுட்டுக் கொடுத்திருக்காங்க."

"பொழச்ச கொழந்தைங்க?"

"அதுங்களையும் அந்த வீட்லதான் விட்டிருந்தாங்க. பக்கத்து அறையில அழுதுகிட்டு இருந்ததுங்க. இவங்க சாப்பிட்டாங்க."

கிண்ணம் அவர் கையில் சாய்ந்தது. கஞ்சி கொஞ்சம் போர்வையில் சிந்தியது. சுநந்தா எழுந்து கிட்டே வந்தாள், தொடவில்லை. வெளியே யாரோ ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே பாட்டுப் போட்டிருந்தார்கள். நான் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் கிண்ணத்தை உயர்த்தி ஒரு வாய் குடித்தார். கண் நிறைந்துவிட்டது.

"ருசியா தான்மா இருக்குது" என்றார்.

இன்னொரு வாய் குடித்தார். அழுதுகொண்டே குடித்தார், நிறுத்தவில்லை. கிண்ணத்தைச் சாய்த்துக் கடைசிப் பருக்கைவரை முடித்தார். பிறகு தலை குனிந்தபடியே, யார் முகத்தையும் பார்க்காமல், கிண்ணத்தை மனைவி பக்கம் நீட்டினார்.

"ராஜமதி, இன்னும் கொஞ்சம் வை."